முதல் எனக்கு, பிறகு உனக்கு

அம்மானின் இடது முன்கையில் மயிர் முளைக்காது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சின்னச் சின்னப் பொட்டுகள், சிலது வெள்ளை, சிலது கறுப்பு. தெரியாதவர்கள் பார்த்தால் அம்மை வந்து மாறிய கை என்று நினைப்பார்கள். அது அம்மை இல்லை. எங்கள் ஊரில் செடில் குத்திக் காவடி எடுத்த ஒவ்வொரு ஆம்பிளைக்கும் அந்தக் கையில் ஒரு பொட்டு இருந்தது.

அவர் என் அம்மாவின் தமையன். தாய்மாமனை நாங்கள் அம்மான் என்போம். அவருக்கு ஒரு பெயரும் இருந்தது, அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் அவருடைய வாய்தான். பெண்ணாய்ப் பிறந்த எனக்கும் அதே வாய்தான் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள், பாராட்டாகச் சொன்னதில்லை.

எங்களுடையது வடகரையில் ஒரு மீன்பிடி ஊர். வருஷம் முழுவதும் அம்மானுக்கும் மற்றவர்களைப்போல வள்ளமும் வலையும்தான். கோயில் தேரன்று மட்டும் அவர் வேறு ஆள். அன்றைக்கு அவர்தான் செடில் குத்துவார். செடில் என்றால் காவடிக்காரனின் முதுகுத் தோலில் கொளுவுகிற வளைந்த முள். தூண்டில் முள்ளுக்குத் தமையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவடிக்காரன் முன்னால் ஆடிப்போவான், பின்னால் ஒருவர் முள்ளில் கட்டிய கயிறுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார். அம்மானிடம் இருந்தது ஒரேயொரு கோவை முள், ஒரு முதுகுக்கு மட்டும் போதுமானது. சிவப்புப் பட்டில் சுற்றித் தகரப்பெட்டியில் போட்டு சாமியறையில் வைத்திருப்பார். தேரன்று விடிந்ததிலிருந்து அந்த ஒரு கோவைதான் ஊரெல்லாம் சுற்றும். ஒருவன் வீதியைச் சுற்றி வந்து முள்ளைக் கழற்றும்போது அடுத்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பான்.

குத்துவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். முள்ளை எடுத்துத் தன் இடது கையில் குத்துவார். மெல்லத் தொட்டுப் பார்ப்பதில்லை, குத்துவதுதான். இரத்தம் ஒரு பொட்டாக எழும்பும். அதைப் பொருட்படுத்தாமல் முள்ளைத் திருநீற்றில் ஒரு தரம் புரட்டி எடுத்து, குந்தியிருப்பவனிடம் குனிந்து, "முதல் எனக்கு. பிறகு உனக்கு" என்பார். முள்ளில் அந்த ஈரம் காய்வதற்குள் அது அவன் முதுகில் இறங்கியிருக்கும்.

நடுங்கிக்கொண்டிருந்தவன் அந்தச் சொல்லோடு அடங்கிவிடுவான். வேறெந்த ஊரிலும் செடில் குத்துகிறவர்கள் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. ஊரில் எல்லோரையும் நோகடித்த மனிதர், அடுத்தவனின் நோவில் பங்கு கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். அவரில் எனக்கு விருப்பம் இருந்தது என்றால் அது இந்த ஒன்றுக்காகத்தான்.

மற்றபடி அவர் வாயிலிருந்து தப்பியவர் யாரும் இல்லை. ஒரு தேருக்கு, அப்போதுதான் கல்யாணம் கட்டிய ஒருவன் முள் இறங்கும்போது "அம்மா" என்று கத்திவிட்டான். அம்மான் கையை நிறுத்தினார். கூட்டத்தில் அவனுடைய பெண்சாதி எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பிடித்தார்.

"பிள்ளை, இஞ்சை வந்து இவனுக்குப் பால் குடு. தாயைத் தேடுறான்" என்றார்.

பறை அடித்தவர்களே அடியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு ஓடினவள் பிறகு எத்தனையோ திருவிழாவுக்குக் கோயில் பக்கமே வரவில்லை. அவனுக்கு 'பால்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பேரன் பிறந்த பிறகும் அவன் பால்தான்.

கொழும்புத்துறையில் கல்யாணம் கட்டிப்போன ஒருவர், பட்டணத்தில் தனக்கென்று புது முள் செய்வித்துக்கொண்டு வந்தார். "அண்ணை, எனக்கு இதாலை குத்திவிடுங்கோ" என்று பணிவாகத்தான் கேட்டார். அம்மான் ஒரு முள்ளை வாங்கி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல முள்ளு. சுறாவுக்குப் போடலாம். நீர் சுறாவோ?"

அந்த மனிதர் குந்தினார். பழைய முள்தான் ஏறியது. அம்மான் சும்மா சொல்லவில்லை, புது முள்களை உண்மையிலேயே கடலுக்குக் கொண்டுபோனார். அவற்றில் சுறாவும் பட்டது. அதையும் கொண்டுவந்து அந்த மனிதருக்குக் காட்டினார்.

வீட்டிலும் அப்படித்தான். மாமிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக மகன், என் மச்சான், பிறந்து கிடக்கிறான், அவள் இன்னும் பாயை விட்டு எழும்பவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இந்த முறையாவது ஒழுங்காச் செய்திருக்கிறாய்" என்றார். மாமி அதற்கும் தலையாட்டினாளாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் தமையனைத் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு, செடில் குத்துகிற கை என்று கும்பிடுவாள்.

செடிலை அவர் எடுத்ததற்கு ஒரு கதை இருந்தது. தேர் நெருங்கினால் யாராவது ஒருவர் கேட்பார், அவர் சொல்லுவார். இளந்தாரியாக இருந்தபோது பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போனவர். போன இடத்தில் செங்கமாரி பிடித்துவிட்டது. மஞ்சட்காமாலையை நாங்கள் செங்கமாரி என்போம். கண்ணும் நகமும் மஞ்சளாகி, சோற்றின் மணமே பிடிக்காமல் பாயோடு பாயாகக் கிடந்தாராம். செத்தால் கடலில் போடுவதற்குக் கப்பலில் கல்லும் கட்டி வைத்துவிட்டார்களாம். ஊருக்கு உயிரோடு போனால் உன் வாசலில் செடில் குத்துவேன் என்று முருகனுக்கு நேர்ந்தாராம். மஞ்சள் இறங்கிவிட்டது.

"செங்கமாரி என்னட்டைத் தோத்துப் போச்சு" என்று கதையை முடிப்பார். எல்லோரும் ஓம் ஓம் என்பார்கள்.

தேர் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனால், குத்தியவர்களில் யாராவது ஒருவருக்குச் செங்கமாரி வரும். எல்லா வருஷமும் இல்லை, எல்லோருக்கும் இல்லை. வந்தவர்கள் கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் குடித்து, உப்பில்லாமல் சாப்பிட்டு எழும்பிவிடுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விரதத்தில் பிழை. முள்ளில் பிழை இருக்க வழியில்லை. முதல் குத்து அவருக்கு அல்லவா? அவர் தேக்கங்கட்டை மாதிரி நிற்கிறாரே? அவரைப் பார்த்துத்தான் ஊர் முள்ளை நம்பியது.

செங்கமாரிக்காரனின் வளவுக்கு அம்மானே விசாரணைக்குப் போவார். வேலிப் படலையில் நின்று தெருவுக்குக் கேட்கத்தான் கதைப்பார்.

"விரதத்திலை என்ன திண்டனி?"

"ஒண்டும் தின்னேல்லை அண்ணை."

"கருவாடோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப பெண்சாதியோ?"

இதற்கு மேல் யாருக்கு நிற்க முடியும்? ஆட்கள் தின்னாத கருவாட்டைத் தின்றதாக ஒத்துக்கொண்டார்கள். ஒருவன் பெண்சாதிதான் என்று ஒத்துக்கொண்டு, வைத்தியச் செலவோடு மாமனார் வீட்டையும் பகைத்துக்கொண்டான், எல்லாம் செய்யாத பிழைக்கு. ஒத்துக்கொண்டால் பரிகாரம் அடுத்த வருஷமும் செடில். அதே முள். முள்ளால் வந்த வருத்தத்துக்கு முள்ளையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் நேர்த்தி வைத்து.

என் அண்ணைக்கும் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் கண் தெளிந்ததற்காக அண்ணை முதல் முறை செடில் குத்தினார். அப்போது அவருக்கு மீசை சரியாக அரும்பவில்லை. அண்ணை பயந்த சுபாவம். யாரும் ஏசினால் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களைப் பெற்ற ஐயா குடித்துவிட்டுக் கடலுக்குப் போய் வராமல் போனவர். அதனால் அண்ணைக்குக் கள்ளின் மணமே ஆகாது. கள்ளுத் தவறணை இருக்கிற ஒழுங்கையை விட்டுவிட்டுச் சுற்றுவழியால் வீட்டுக்கு வருவார்.

அந்த வருஷம் பாலுக்கும் செங்கமாரி. பால் மஞ்சள் அரைத்துப் பூசியவன்போலக் கிடந்தான், பிழைக்கமாட்டான் என்றே நினைத்தோம். அண்ணைக்கு வந்தது லேசு. கண் கொஞ்சம் மஞ்சள், சில நாள் சோர்வு, அவ்வளவுதான். அம்மான் எங்கள் படலைக்கும் வந்தார்.

"என்ன திண்டனி?"

"நான் ஒண்டும் தின்னேல்லை அம்மான்."

"அப்ப பொய்யும் சொல்லுறாய்."

அண்ணை மண்ணைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தின்னாத ஆளைத் திண்டனான் எண்டு சொல்லு எண்டால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"உன்ரை வாயைத் தைக்கவும் என்னட்டை முள்ளு இருக்கு" என்றார் அம்மான்.

பரிகாரத்துக்கென்று அண்ணை மேலும் இரண்டு தேருக்குச் செடில் குத்தினார். பிறகு கல்யாணம் கட்டினார், ஒரு மகன் பிறந்தான். செங்கமாரி வந்ததையே நாங்கள் மறந்துவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணை மெலியத் தொடங்கினார். வலது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு வயிறு ஊதியது. பஸ்ஸில் மானிப்பாய்க்குக் கொண்டுபோனேன், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவருடைய மனைவி, என் மச்சாள், வீட்டையும் மகனையும் பார்க்க நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி. கனகாலமாகக் குடிக்கிறாரோ? இல்லை என்றால் நம்பமாட்டார்கள், தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். ஒரு இளம் டொக்டர் மட்டும் நம்பினார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மறுமொழி வந்ததும் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஈரலிலை புற்றுநோய். இவருக்கு முந்திச் செங்கமாரி வந்ததோ?"

"வந்தது. அது கன வருசம். மாறியும் போச்சே."

"கண்ணிலை மாறினது. இரத்தத்திலை இன்னும் கிடக்கு."

அவர் பொறுமையாகச் சொன்னார். செங்கமாரியில் ஒருவகை இரத்தத்தால் தொற்றுகிறது. அநேகம் பேரின் உடம்பு அந்தக் கிருமியைத் துரத்திவிடும், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட முற்றாகச் சுகமாகிவிடுவார்கள். சிலருக்கு வந்ததே தெரியாமல் லேசாக வந்து, போகாமல் ஈரலில் தங்கிவிடும். ஆள் உழைப்பார், பிள்ளை பெறுவார், ஒரு குறையும் தெரியாது. அப்படித் தங்கினவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் கனகாலம் கழித்து வருவதற்கு மற்றவர்களைவிட அவர்களுக்கு இடம் அதிகம். இதை இப்போதுதான் ஆராய்ந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். எனக்குப் பால் ஞாபகம் வந்தான். அன்று காலையிலும் அவன் வலை இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

"முதுகிலை தழும்பு கிடக்கு. செடிலோ?"

"ஓம். எங்கடை அம்மான்தான் குத்துறவர்."

"எல்லாருக்கும் ஒரே முள்ளோ?"

"ஓம். திருநீறு போட்டுத்தான் குத்துவார். அவர் மற்ற ஆக்களைப்போல இல்லை டொக்டர். முதல் தன்ரை கையிலை குத்திப்போட்டுத்தான் மற்றவைக்குக் குத்துவார்."

அதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அவருக்கு எப்பவாவது செங்கமாரி வந்ததோ?"

"அம்மானுக்கோ? அது பெரிய கதை. இளந்தாரியா இருக்கேக்கை பர்மாவுக்குப் போன கப்பலிலை..."

அந்த இடத்தில் எனக்கு வாய் நின்றது. அதற்கு முன்னால் அது நின்றதாக எனக்கு நினைவில்லை.

"ஆரிட்டை இருந்து ஆருக்குப் போனது எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் டொக்டர். "ஆனால் அவரைத் தன்ரை கையிலை குத்துறதை விடச் சொல்லுங்கோ. முள்ளை ஒவ்வொரு ஆளுக்கும் முதல் கொதிதண்ணியிலை நல்லா அவிச்செடுக்கச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

ஊருக்கு வந்த கையோடு அம்மானிடம் போனேன். அவர் கடற்கரை வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவேயில்லை.

"கொதிதண்ணியிலை போட இது என்ன நண்டே?"

"அவிச்சால் என்ன குறைஞ்சு போகும் அம்மான்?"

"சாமிக்குக் குத்துற முள்ளை அடுப்பிலை ஏத்தச் சொல்லுறாய். என்ரை கையிலை எத்தனை தரம் குத்தினனான்? எனக்கு வந்ததோ?"

"உங்களுக்குத்தான் முதல் வந்தது. பர்மாவிலை."

"அது போன செங்கமாரி" என்றார். அடுத்த கிழிசலைத் தேடிப் பிடித்தார்.

அண்ணை மூன்று மாதம்தான் இருந்தார். செத்தவீட்டுப் பந்தலில் யாரோ என்ன வருத்தம் என்று கேட்க, அம்மான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மறுமொழி சொன்னார்.

"ஈரல் எண்டால் பிறகென்ன, குடிதான். ஒளிச்சுக் குடிச்சிருக்கிறான். தேப்பன்ரை இரத்தம் எங்கை போகும்?"

உள்ளே மச்சாள் ஒப்பாரியை நிறுத்தினாள். புருஷனின் தலைமாட்டில் இருந்துகொண்டு அவள் இதைக் கேட்டாள். எனக்கு அந்த நேரம் அம்மானின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. நான் எழும்பிப்போய் இல்லை என்றேன், செங்கமாரி என்றேன், டொக்டர் சொன்னார் என்றேன். தமையனில் பாசம், பாவம் என்று ஆட்கள் தலையாட்டினார்கள். அதைவிடப் பெரிய அடி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு விழுந்தது. மச்சாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் எங்கை வைச்சுக் குடிச்சவர்?"

பக்கத்தில் அவளுடைய மகன் நின்றான். அப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் பாவத்துக்கு நான் செடில் குத்துவேன், வளர்ந்ததும் குத்துவேன் என்றான். மச்சாள் அவன் தலையைத் தடவினாள். அந்தப் பிள்ளையின் முதுகில் அந்த முள் ஏறக்கூடாது. அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை.

இரண்டு வருஷம் கழிந்து அம்மானுக்கு வயிறு ஊதியது. மச்சான் கடலில் நிற்க, நான்தான் கொண்டுபோனேன். அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர், கொழும்புக்குப் போன இரத்தம், அதே மறுமொழி. வீட்டுக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் அம்மான் கேட்டார்.

"என்னவாம்?"

"அண்ணைக்கு வந்ததுதான்."

"நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லை."

"அண்ணையும் குடிச்சதில்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மனிதர் மொக்கன் இல்லை. இத்தனை வருஷமும் விசாரணை நடத்தியவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா? இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அவங்கள் பயப்பிடக் கூடாது எண்டுதான் பிள்ளை முதல் என்னிலை குத்தினனான்."

அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்ட குரலில் சண்டை இல்லாதது அதுதான் முதல் முறை. நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம் அம்மான். அதாலைதான் அவைக்கு வந்தது" என்றேன்.

அண்ணையின் செத்தவீட்டுப் பந்தல் என் கண்ணுக்குள் நின்றது. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டு நாள் அவர் யாரோடும் கதைக்கவில்லை. பார்க்க வந்தவர்களில் சிலர் வயிற்றைப் பார்த்து, தங்களுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஊர் வாயை அவருக்குத் தெரியும். அதற்குப் பேசப் பழக்கியவரே அவர்தான்.

"குடி எண்டு கதைக்கிறாங்களோ?"

"கதைக்கினம். நான் உள்ளதைச் சொல்லட்டோ? குடி இல்லை, செங்கமாரிதான் எண்டு. உங்கடை பேரும் மிஞ்சும், அண்ணையின்ரை பேரும் மிஞ்சும்."

"பிறகு, செங்கமாரி அவனுக்கு எங்கையிருந்து வந்தது எண்டு கேப்பாங்கள்."

"கேட்டால் சொல்லவேணும்தானே. இனி எண்டாலும் முள்ளை அவிப்பினம்."

அவர் கூரையைப் பார்த்தார். எதை எடைபோடுகிறார் என்று எனக்கு விளங்கியது. குடிகாரனாகப் போவதா, முள்ளால் ஆட்களைக் கொன்றவனாகப் போவதா. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

"ஒரு வெறும் சாராயப் போத்தில் எடுத்து வா" என்றார்.

"ஏன்?"

"கட்டிலுக்குக் கீழை வை. வாறவன் போறவன் காணட்டும்."

"அப்ப அண்ணை?"

"அவன் போயிட்டான்."

"மச்சாள் இருக்கிறா. பெடியன் இருக்கிறான். தேப்பன் குடிகாரன் எண்டு முதுகு குத்த நிக்கிறான்."

"முள்ளு இருக்கு பிள்ளை" என்றார். "அது நிக்கவேணும்."

நான் மாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டேன். மாமி வைத்தாள். வாழ்க்கையில் அவர் சொன்ன எதற்கும் அவள் மாட்டேன் என்றதில்லை. போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவித் துடைத்து, சுவாமி விளக்கை வைப்பதுபோல நடுவில் வைத்தாள். குடிகாரர் வீட்டுப் போத்தல் அவ்வளவு மினுங்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், சந்தோஷமாகப் போனார்கள். செடில் குத்துகிற மனிதரே குடித்திருக்கிறார், அப்படியென்றால் மருமகன் குடித்ததில் என்ன புதினம் என்றார்கள். ஒரு போத்தலில் இரண்டு பேரையும் முடித்துவிட்டார். அதே கிழமை அவரும் முடிந்தார்.

நான் உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். போத்தலை எங்கள் கண்ணால் கண்டோம் என்றார்கள். மச்சானிடம் முள்ளை அவிக்கச் சொன்னேன். அவனும் தகப்பன் கையால் செடில் குத்தியவன், ஒருதரம் கண் மஞ்சளித்து எழும்பியவன்.

"மச்சான், நீயும் உன்ரை கையிலை குத்திப்போட்டுத்தான் குத்தப்போறியோ?"

"அப்பா அப்பிடித்தானே செய்தவர்" என்றான். அந்த வருஷத் தேருக்கு அவன் முதன்முதலாகக் குத்தப்போகிற முதுகு, என் அண்ணை மகனின் முதுகு.

எட்டுச்செலவு வந்தது. ஆள் செத்து எட்டாம் நாள் அவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அம்மானுக்கு நண்டு விருப்பம். மச்சான் நல்ல சினை நண்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தான். ஊர் மனிதர்கள் ஞாபகமாக ஒரு சாராயப் போத்தலும் வாங்கி வந்திருந்தார்கள், இந்த முறை நிறைந்தது. ஒரு சொட்டும் தொடாத மனிதருக்கு முன்னால் அதை உடைத்து ஊற்றி வைத்தார்கள். மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நண்டு அவிக்கிற வேலை என்னுடையது. முற்றத்தில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது. நான் நேரே சாமியறைக்குள் போனேன், தகரப்பெட்டியைத் திறந்தேன், பட்டைப் பிரித்தேன். முள்களை மடியில் கட்டிக்கொண்டு வந்து நண்டுகளோடு சேர்த்துச் சட்டிக்குள் கொட்டினேன். நண்டு சிவந்த பிறகும் இறக்கவில்லை. விறகைத் தள்ளித் தள்ளி எரித்தேன். தண்ணீர் வற்ற இன்னும் ஊற்றி எரித்தேன். நண்டு இப்படி அவிந்தால் சக்கையாகிப் போகுமே என்று ஒருத்தி சொன்னாள், போகட்டும் என்றேன்.

மாமிதான் சட்டிக்குள் அகப்பையை விட்டாள். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு ஒரு முள் வந்தது. அவள் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் ஓடிவந்து பார்த்தான். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி வந்து சட்டியைச் சுற்றி நின்றார்கள். செத்தவீட்டு அடுப்பு, நண்டுச் சட்டி, அதற்குள் முருகனின் செடில்.

"என்னடி செய்தனி?" என்றான் மச்சான்.

"இது என்ன நண்டே எண்டு அம்மான் கேட்டவர்" என்றேன். "அதுதான் நண்டோடை போட்டனான்."

அன்று எனக்கு விழுந்த ஏச்சை எழுதினால் இந்தக் கடதாசி தாங்காது. அம்மான் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஏசியிருப்பார். அந்த நண்டை ஒருவரும் தொடவில்லை. நான் இருந்து சாப்பிட்டேன். சக்கைதான்.

கோயில்காரர் கூடிக் கதைத்தார்கள். நண்டோடு அவிந்த முள்ளைச் சாமி வாசலுக்குக் கொண்டுவர ஏலாது, எந்தப் பரிகாரமும் அதற்கு இல்லை என்று முடிவு சொன்னார்கள். வேறு கோவை செய்விக்க மச்சானுக்கு மனம் வரவில்லை. அண்ணையின் மகன் அந்தத் தேருக்குப் பால்செம்பு மட்டும் தூக்கினான். தகப்பனின் பாவத்தைத் தீர்க்க விடாமல் கெடுத்தவள் என்று மச்சாள் என்னோடு கதைப்பதை விட்டாள். ஊரில் அண்ணை இன்றைக்கும் ஒளித்துக் குடித்தவர்தான். பெடியனின் முதுகில் ஒரு தழும்பும் இல்லை.

முள்களை மச்சான் வேலிக்கு வெளியே எறிந்திருந்தான். நான் பொறுக்கி எடுத்து வந்தேன். கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். செய்த நாளிலிருந்து அவை முதல் முறையாகச் சுத்தமாக இருந்தன. அன்றைக்குப் பிறகு அவற்றை ஒருவரும் தொடவில்லை.